மிட்வைஃபரி பட்டப்படிப்பு: பதிவேட்டைத் திறந்து பார்த்தால் தெரியும்

மிட்வைஃபரியில், அதாவது மருத்துவச்சிப் பணியில், பட்டம் தரும் படிப்புகளின் பாடத்திட்டங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. உடற்கூறு, கர்ப்பகாலப் பராமரிப்பு, பிரசவம், பேறுகாலத்துக்குப் பிந்தைய நாட்கள், பச்சிளங்குழந்தை, அவசரநிலைகள், மருந்தியல், ஆய்வுமுறை, சட்டம் என்று எல்லாவற்றிலும் அதே தலைப்புகள். ஆனால் படித்து வெளியே வருகிறவர்களின் கைத்திறனோ மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. ஒருவர் வயிற்றில் கை வைத்ததும் குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். இன்னொருவர் ஸ்கேன் அறிக்கையைத் தேடுவார். அந்த வேறுபாடு படிப்பின் எந்த இடத்தில் உண்டாகிறது என்று காட்டுவதற்காகவே இதை எழுதுகிறோம். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கும், முதல் ஆண்டில் திணறிக்கொண்டிருப்பவர்களுக்கும் பயன்பட வேண்டும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு பெண்ணோடு வலி தொடங்கியது முதல் குழந்தை பால் குடிக்கும்வரை மாணவியை உட்கார வைக்கும் படிப்பு என்றால் தயங்காமல் சேருங்கள். தலை தெரியும் நேரத்தில் கூப்பிட்டு, குழந்தையை ஏந்தவைத்து, மாணவி செய்த பயிற்சிகளைக் குறிக்கும் பதிவேட்டில் ஓர் எண்ணைக் கூட்டிவிட்டு அனுப்பும் படிப்பு என்றால், அது எவ்வளவு பெயர் பெற்ற இடமாக இருந்தாலும் வேண்டாம். அப்படிப் படித்தவர் தனியாக நிற்கவேண்டிய முதல் இரவில் அதன் விலையை ஒரு தாய் கொடுப்பார்.

அளவுகோல்கள்

சர்வதேச மருத்துவச்சிகள் கூட்டமைப்பு வகுத்த கல்வித் தரத்தின்படி, பள்ளிப் படிப்பு முடித்து நேரடியாகச் சேர்பவர்களுக்கு குறைந்தது 3 ஆண்டுகள் வேண்டும். ஏற்கெனவே செவிலியர் படிப்பு முடித்தவர்களுக்குக் குறைந்தது 18 மாதங்கள். மொத்தப் படிப்பில் செய்முறைப் பயிற்சி குறைந்தது 50 சதவீதம், ஏட்டுப்பாடம் குறைந்தது 40 சதவீதம் இருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறை இன்னும் துல்லியமாக எண்ணிக்கை சொல்கிறது: 3 ஆண்டுப் படிப்பில் குறைந்தது 4,600 மணி நேரம். குறைந்தது 100 கர்ப்பகாலப் பரிசோதனைகள். வலியில் இருக்கும் 40 பெண்களைக் கவனித்துக்கொள்வது. மாணவி தன் கையால் பார்க்கும் பிரசவங்கள் 40. பிரசவங்கள் போதுமான அளவு கிடைக்காத இடங்களில் இது 30 வரை குறையலாம், ஆனால் மேலும் 20 பிரசவங்களில் உதவியிருக்கவேண்டும். சிக்கல் வாய்ப்புள்ள 40 பெண்கள், பேறுகாலத்துக்குப் பின் 100 தாய்மாரும் நலமான குழந்தைகளும்.

நீங்கள் எந்த நாட்டில் படித்தாலும் இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு அங்குள்ள ஏற்பாட்டை அளந்து பாருங்கள். பிரசவங்களின் எண்ணிக்கையை மட்டும் உரக்கச் சொல்லி, கர்ப்பகாலப் பரிசோதனைகளையும் பேறுகாலத்துக்குப் பிந்தைய கவனிப்பையும் பற்றி வாய் திறக்காத படிப்பைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். 40 பிரசவம் என்பது 40 முறை குழந்தையை ஏந்துவது என்று அங்கே பொருள் கொண்டிருக்கிறார்கள்.

பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூத்த மாணவி எவரும் காட்டுவார். பெண்களின் பெயர்கள் அதில் இருக்கக்கூடாது, இருந்தால் அதுவே ஒரு குறை. ஒவ்வொரு பதிவிலும் மாணவி எந்த நேரத்தில் அந்தப் பெண்ணிடம் வந்தார், எந்த நேரத்தில் விடைபெற்றார் என்று குறிக்க இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தானே செய்தது என்ற நான்கும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா? ஒரே பிரசவத்தை இரண்டு மாணவிகள் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள விடுகிறார்களா? கையெழுத்து அன்றன்றைக்கு வாங்கப்படுகிறதா, மாதக் கடைசியில் மொத்தமாகவா? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால் படிப்பின் தரத்தில் பாதி தெரிந்துவிடும்.

முதல் ஆண்டு: எலும்பும் பொம்மையும்

முதல் ஆண்டில் எல்லோரையும் மிரட்டுவது இடுப்பெலும்பின் அளவுகள். மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். கையால் பிடித்துப் பார்த்தால் மறக்காது. நுழைவாயில் குறுக்காக 13 செ.மீ., முன்பின்னாக 11 செ.மீ. வெளிவாயிலில் இது தலைகீழ்: குறுக்காக 11, முன்பின்னாக 13. நடுப்பகுதி எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 12. குழந்தையின் தலை ஏன் திரும்பித் திரும்பி இறங்குகிறது என்பதற்கான முழு விளக்கமும் இந்த எண்களுக்குள் இருக்கிறது. நுழையும்போது அகலமான பக்கம் குறுக்கே, வெளியேறும்போது முன்பின்னாக. முகவாய் மார்பில் ஒட்டும்படி தலை நன்றாகக் குனிந்திருந்தால் இடுப்பைக் கடக்கவேண்டிய அளவு 9.5 செ.மீ. நிமிர்ந்த நிலையில் 11.5. நெற்றி முன்னால் வந்தால் 13.5, அந்த அளவு முழுமாதக் குழந்தைக்கு வழியில் அடங்காது. இதைத் தெரிந்துகொண்ட மாணவி, வலி நீண்டுபோகும் பெண்ணைப் பார்க்கும்போது ‘ஏன் இறங்கவில்லை’ என்று கேட்பதற்கு முன் ‘தலை எப்படிக் குனிந்திருக்கிறது’ என்று கேட்பார்.

இதைக் கற்பிக்கப் பிளாஸ்டிக் இடுப்பெலும்பும், உச்சிக்குழிகள் (மண்டையோட்டு எலும்புகள் கூடும் மென்மையான இடங்கள்) கொண்ட துணிப் பொம்மையும் போதும். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் மருத்துவச்சி ஆஞ்செலிக் டு கூட்ரே துணியும் தோலும் பஞ்சும் வைத்துத் தைத்த மாதிரி உடலைக் கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுத்தார். 1759-ல் மன்னர் பதினைந்தாம் லூயி அவருக்கு அந்தப் பணியை ஒப்படைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களும் அதில் கற்றார்கள். இன்றைக்குக் கணினி பொருத்திய, முனகும், கண் சிமிட்டும் மாதிரி உடல்கள் வந்துவிட்டன. அவை அவசரநிலைப் பயிற்சிக்கு நன்று. ஆனால் விலையுயர்ந்த பொம்மை பூட்டிய அறைக்குள் இருக்கிறது, சாவி ஒருவரிடம் இருக்கிறது என்றால், திறந்து கிடக்கும் துணிப் பொம்மையே மேல். பயிற்சிக்கூடம் மாலையிலும் விடுமுறையிலும் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

பொம்மையில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. இறங்குவது, குனிவது, உள்ளே திரும்புவது, நிமிர்ந்து வெளிவருவது, கழுத்துத் திருகல் நேராவது, தோள் திரும்புவது என்று வரிசையை ஒப்பிப்பார்கள். கை மட்டும் தலையை எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கும். இதற்கு நல்ல பயிற்சி, இடுப்பெலும்பையும் பொம்மையையும் ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு பார்க்காமல் செய்வதுதான். விரலால் தலையின் தையல்கோடுகளை, அதாவது மண்டை எலும்புகள் சேரும் கோடுகளை, எண்ணவேண்டும்: மூன்று கோடுகள் கூடும் இடம் பின் உச்சிக்குழி, நான்கு கூடும் இடம் முன் உச்சிக்குழி. பின் உச்சிக்குழி தாயின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொன்னபிறகே தலையைத் திருப்பவேண்டும். பிரசவ அறையிலும் விரலுக்குக் கிடைப்பது இதுதான். அங்கே தலையில் நீர்வீக்கமும் சேர்ந்துகொள்ளும், கோடுகள் இன்னும் மங்கலாகத் தெரியும்.

வயிற்றில் வைக்கும் கை

கர்ப்பகாலப் பரிசோதனை பயிற்சியைப் பல படிப்புகள் அலட்சியமாகவே நடத்துகின்றன. மருத்துவமனைப் புறநோயாளர் பிரிவில் கூட்டம், ஒரு பெண்ணுக்கு ஐந்து நிமிடம், மாணவி எடையும் இரத்த அழுத்தமும் எழுதுவதோடு நிறுத்திக்கொள்வார். 100 பரிசோதனைகள் என்று பதிவேட்டில் ஏறிவிடும், கைக்கு ஒன்றும் ஏறியிருக்காது.

ஒழுங்காகச் செய்யும்போது அது இப்படி இருக்கும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லவேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை உயர்ந்து தெரியும், அளவு தப்பும். முழங்கால்களைச் சற்று மடக்கி, முதுகை இலேசாக உயர்த்திப் படுக்கவைக்க வேண்டும். பிந்தைய மாதங்களில் நேராக மல்லாந்து நெடுநேரம் படுத்தால் பெரிய இரத்தக்குழாய் அழுந்தித் தலைசுற்றும், அப்போது உடனே இடப்பக்கம் சாய்க்கவேண்டும். கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, விரல் நுனியால் குத்தாமல் உள்ளங்கையால் தொடவேண்டும். கர்ப்பப்பையின் உச்சியைக் கண்டு அங்கிருந்து பூப்பெலும்பின் மேல் விளிம்புவரை அளவுநாடாவை வைக்கும்போது, எண்கள் வயிற்றைப் பார்த்திருக்க, வெறும் பக்கம் மேலே தெரியவேண்டும். எண் கண்ணில் பட்டால், எதிர்பார்க்கும் வாரத்துக்கு ஏற்றபடி விரல் தானாக நகர்ந்துவிடும். 24 வாரத்துக்கு மேல் செ.மீ. கணக்கும் வாரக் கணக்கும் ஏறத்தாழ ஒத்துவரும், 2 கூடக் குறைய இருக்கலாம்.

பிறகு இதயத்துடிப்பு. பிரெஞ்சு மருத்துவர் அடோல்ஃப் பினார்ட் 1895-ல் கொண்டுவந்த மரக்குழல் இன்றும் பயிற்சிக்கு ஈடில்லாதது. முதுகு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்காமல் அதில் துடிப்பைக் கேட்கமுடியாது, அதனாலேயே அது மாணவியின் கையைப் பழக்குகிறது. அகன்ற வாயை வயிற்றில் ஊன்றி, காதை மறுமுனையில் அழுத்தி, குழலைப் பிடித்த கையை எடுத்துவிட வேண்டும். கை இருந்தால் உரசல் ஒலி கலக்கும். அதே நேரம் தாயின் நாடியை மணிக்கட்டில் பிடித்திருக்கவேண்டும். ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே வெட்டிவிடுங்கள். 110 முதல் 160 வரை இயல்பு. துடிப்பை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை முதல் நாளே கையில் கொடுக்கும் படிப்புகள் மாணவிக்கு நன்மை செய்யவில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். தாய்க்குக் காய்ச்சலோ பதற்றமோ இருந்து அவர் நாடி 120 ஓடினால் டாப்ளர் அதைக் குழந்தையின் துடிப்பாகக் காட்டக்கூடும். நாடியைப் பிடித்துப் பழகாதவர் அதை நம்பிவிடுவார். இந்தத் தவறில் குழந்தை இறந்துபோவது உண்டு.

பிரசவ அறையின் தாள்

பிரசவ அறைப் பயிற்சியை மதிப்பிட எளிய வழி, மாணவிகள் நிரப்பிய பார்ட்டோகிராஃப் தாள்களை, அதாவது பிரசவம் முன்னேறுவதை நேரவாரியாகக் குறிக்கும் வரைபடத் தாள்களைப் பார்ப்பது. எல்லாக் குறிப்புகளும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், சரியாக அரைமணிக்கு ஒன்றாக, அடித்தல் திருத்தம் இல்லாமல் இருந்தால் அது குழந்தை பிறந்தபிறகு உட்கார்ந்து எழுதியது. உண்மையாக எழுதிய தாளில் 2:10, 2:43 என்று நேரங்கள் கோணலாக இருக்கும், ஓரத்தில் ஈரம் பட்டிருக்கும். பின்னால் எழுதிய தாள் எவரையும் எச்சரிக்காது. எச்சரிப்பதற்காகத்தான் அந்தத் தாளே இருக்கிறது.

எந்தத் தாளைக் கற்பிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பழைய பார்ட்டோகிராஃப் கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்ததிலிருந்து மணிக்கு 1 செ.மீ. என்று ஒரு கோடு போட்டு, அதற்குப் பின்தங்கினால் எச்சரிக்கை என்றது. பல பெண்களுக்கு அந்த வேகம் பொருந்தாது என்று தெரிந்தபிறகு உலக சுகாதார நிறுவனம் 2018 பரிந்துரைகளில் தீவிர வலிக்கட்டத்தின் தொடக்கத்தை 5 செ.மீ. என்று வைத்தது. 2020-ல் வந்த அதன் பிரசவப் பராமரிப்பு வழிகாட்டித் தாளில் ஒவ்வொரு செ.மீ.க்கும் தனி நேரவரம்பு இருக்கிறது: 5 செ.மீ.யில் 6 மணி, 6-ல் 5 மணி, 7-ல் 3 மணி, 8-ல் இரண்டரை மணி, 9-ல் 2 மணி. இன்னொரு மாற்றமும் அதில் உண்டு. துணைக்கு ஆள் இருக்கிறாரா, வலி தணிக்க ஏதாவது செய்தோமா, குடிக்கக் கொடுத்தோமா, எந்த நிலையில் இருக்கிறார் என்பவற்றையும் தாளிலேயே குறிக்கவேண்டும். இன்னும் பழைய கோட்டை மட்டும் கற்பிக்கும் இடத்தில் படிக்கும் மாணவி, பொறுத்திருந்தால் தானாகப் பெற்றிருக்கக்கூடிய பெண்ணுக்கு அவசரப்பட்டு மருந்தேற்றக் கற்றுக்கொள்வார்.

முழுப் பிரசவத்தோடு உட்கார்ந்தால்தான் கிடைக்கும் அறிவு ஒன்று இருக்கிறது, அதை எந்தத் தாளும் தராது. வலி ஏறும்போது பேச்சு நிற்கும் விதம், கால்விரல்கள் மடங்குவது, வாந்தி, ‘என்னால் முடியாது’ என்ற சொல், திடீரென்று வரும் அமைதி, தொண்டையில் மாறும் ஒலி. உள்பரிசோதனை செய்யாமலே எங்கே வந்திருக்கிறோம் என்று அனுபவமுள்ள மருத்துவச்சி இவற்றிலிருந்து தெரிந்துகொள்கிறார். கடைசிக் கால்மணி நேரத்தில் வந்து கையுறை மாட்டிக்கொள்ளும் மாணவிக்கு இது ஒருபோதும் கிடைக்காது.

நஞ்சு விழும் நேரம்

பயிற்சிக்கூடத்தின் உண்மையான தரத்தைக் காட்டுவது, குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடி வெளிவரும் மூன்றாம் கட்டம்தான். குழந்தை பிறந்ததும் எல்லோர் கண்ணும் குழந்தைமேல் போகும். அந்தச் சில நிமிடங்களில்தான் தாய் போய்விடக்கூடும்.

வரிசை இது. வயிற்றைத் தொட்டு இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு நிமிடத்துக்குள் கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் 10 அலகு தசையில் போடவேண்டும். தொப்புள்கொடியை உடனே கவ்வாமல் 1 முதல் 3 நிமிடம் விடவேண்டும். கர்ப்பப்பை இறுகியபிறகு, ஒரு கை பூப்பெலும்புக்கு மேலே கர்ப்பப்பையை மேல்நோக்கித் தாங்கிப் பிடிக்க, மறுகை கொடியை மெதுவாகக் கீழ்நோக்கி இழுக்கவேண்டும். மேல்கை இல்லாமல் இழுத்தால் கர்ப்பப்பை உள்வெளியாகப் புரண்டு வெளியே வரும், அதன் அதிர்ச்சியிலேயே உயிர் போகலாம். நஞ்சு வந்ததும் அதைத் தட்டில் விரித்து மடல்கள் முழுதாக இருக்கின்றனவா, சவ்வுகள் கிழிந்து ஏதும் உள்ளே தங்கிவிட்டதா, கொடியில் இரண்டு தமனியும் ஒரு சிரையும் தெரிகின்றனவா என்று பார்க்கவேண்டும். மாணவி நஞ்சைத் தானே விரித்துப் பார்த்து வாய்விட்டுச் சொல்லும்வரை மேற்பார்வையாளர் காத்திருக்கிறாரா? வேலை முடியட்டும் என்று வாளியில் போட்டுவிடுகிறார்களா? பயிற்சியில் இருப்பவர்களிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

உதிரப்போக்கைக் கண்ணால் மதிப்பிடுவது மனிதருக்கு வராத கலை. பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம், அதிகமாகக் கொட்டும்போது இன்னும் குறைத்து. இதைத் திருத்த ஒரு பயிற்சி உண்டு, செலவே இல்லை. சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை அளந்து ஊற்றிப் பத்து நிலையங்கள் அமைக்கலாம். 10-க்கு 10 செ.மீ. துணிச்சதுரம் முழுதும் ஊறினால் ஏறத்தாழ 60 மி.லி. 45-க்கு 45 செ.மீ. பெரிய துணி ஊறினால் 350. மாதவிடாய்ப் பஞ்சுப்பட்டை ஊறினால் 100. தரையில் 50 செ.மீ. விட்டமுள்ள வட்டம் 500 மி.லி., ஒரு மீட்டர் வட்டம் 1,500. மாணவிகள் ஒவ்வொரு நிலையத்திலும் தங்கள் மதிப்பை எழுதிவிட்டு விடையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். முதல் முறை கிடைக்கும் அதிர்ச்சியே பாடம். ஆனால் இந்தப் பயிற்சியோடு நிறுத்தும் படிப்பு பின்தங்கியது. இடுப்புக்குக் கீழே விரித்து அளவுக்கோடுகளோடு இரத்தத்தைச் சேகரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பைப் பயன்படுத்தக் கற்பிக்கவேண்டும்.

காரணம், 2023-ல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்தது. அந்த விரிப்பால் அளந்து உதிரப்போக்கைக் கண்டவர்கள் 93 சதவீதத்தைப் பிடித்தார்கள், வழக்கமான முறையில் 51 சதவீதம்தான் சிக்கியது. கண்டதும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் எல்லாவற்றையும் சேர்த்தே தொடங்கினார்கள்: கர்ப்பப்பையைத் தேய்ப்பது, ஆக்ஸிடோசின், இரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், சிரைவழித் திரவம், கிழிசலும் தங்கிய நஞ்சும் இருக்கிறதா என்ற பரிசோதனை, உதவிக்கு அழைப்பு. ஒரு லிட்டருக்கு மேற்பட்ட உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் வரும் மரணம் ஆகியவை சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. டிரானெக்சாமிக் அமிலம் பிரசவமான 3 மணி நேரத்துக்குள் கொடுக்கப்படவேண்டும், அதற்குப் பிறகு பயனில்லை. இந்த வரிசையை மாணவிகள் கடிகாரம் வைத்துக் குழுவாக ஒத்திகை பார்க்கிறார்களா என்பதே எங்கள் கேள்வி. தேர்வுத்தாளில் எழுதத் தெரிவதும், மூன்று பேர் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் செய்யத் தெரிவதும் வெவ்வேறு திறன்கள்.

தோள் சிக்கிக்கொள்ளும் நிலைக்கும் இதே ஒத்திகை வேண்டும். தலை வெளிவந்து ஆமைபோல உள்ளிழுத்தால் நேரத்தைச் சத்தமாகச் சொல்லவேண்டும், உதவி கேட்கவேண்டும், தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கவேண்டும், குழந்தையின் முதுகுப் பக்கமிருந்து பூப்பெலும்புக்கு மேல் அழுத்தவேண்டும். வயிற்றின் உச்சியில் அழுத்தினால் தோள் இன்னும் இறுகும். கலவரத்தில் யாராவது ஒருவர் அங்கேதான் கை வைப்பார், ஒத்திகையில் இதையே வேண்டுமென்று ஒருவரைச் செய்யவைத்து மற்றவர்கள் தடுக்கப் பழகவேண்டும். தலையைப் பிடித்து முறுக்கி இழுத்தால் கைக்குப் போகும் நரம்பு அறுபடும்.

பச்சிளங்குழந்தையின் முதல் நிமிடம்

மூச்சுவிடாத குழந்தைக்குக் காற்று ஊதும் பையும் முகமூடியுமான பைமாஸ்க்கில் பயிற்சி எல்லா இடத்திலும் இருக்கிறது, எத்தனை முறை என்பதில்தான் குறை. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் பயிலரங்கம் வைத்துச் சான்றிதழ் கொடுத்தால் சில மாதங்களில் கை மறந்துவிடும். பிரசவ அறையின் மூலையிலேயே ஒரு பொம்மையும் பைமாஸ்க்கும் வைத்து, பணி தொடங்கும்போது இரண்டிரண்டு நிமிடம் பழகவைப்பது மிகச் சிறந்த ஏற்பாடு. துடைத்து, சூடாக்கி, முதுகைத் தேய்த்தும் மூச்சு வரவில்லை என்றால் முதல் நிமிடத்துக்குள் காற்று ஊதத் தொடங்கவேண்டும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 வீதம். மாணவிகளுக்குத் தப்பும் இடம் வேகமல்ல. மாஸ்க் கன்னத்தில் சரியாக ஒட்டாமல் காற்று ஒழுகும், அல்லது கழுத்து அதிகமாக நிமிர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்ளும். மார்பு உயர்கிறதா என்று பார்க்காமல் பையை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். உயரவில்லை என்றால் மாஸ்க்கை எடுத்து மீண்டும் பொருத்தி, தலையை நேராக்கி, வாயைத் திறந்து, சளியை எடுத்து, பிறகு கொஞ்சம் கூடுதலாக அமுக்கவேண்டும்.

மருந்துக் கணக்கு

ஒரு சிறு குறிப்புத்தான், ஆனால் விட்டுவிட முடியாது. வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் கொடுக்கும்போது 50 சதவீதக் கரைசலில் 1 மி.லி.க்கு அரை கிராம். சிரைவழி 4 கிராம் என்றால் 8 மி.லி., அதோடு 12 மி.லி. சேர்த்து 20 சதவீதமாக்கி மெதுவாக ஏற்றவேண்டும். கரைசலின் வீதத்தைப் பார்க்காமல் மி.லி.யை மட்டும் மனப்பாடம் செய்தவர், வேறு வீதத்தில் குப்பி வரும் நாளில் தவறு செய்வார். அடுத்த ஊசிக்கு முன் மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல், முழங்கால் அனிச்சை இருக்க, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறையாமல் இருக்கவேண்டும். மெக்னீசியம் மிகுந்தால் முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். மருந்துக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் தேர்ச்சி என்று விதித்திருக்கும் படிப்பைக் கடுமையானது என்று தள்ளாதீர்கள்.

எல்லாப் படிப்பும் சறுக்கும் இடம்

பேறுகாலத்துக்குப் பிந்தைய பயிற்சி. நாங்கள் அறிந்த அளவில் இதில் முழு மதிப்பெண் தரக்கூடிய படிப்பு அரிது. குழந்தை பிறந்ததும் பாடமே முடிந்துவிட்டதுபோல நடத்துகிறார்கள். பிறந்த அன்று தொப்புள் மட்டத்தில் இருக்கும் கர்ப்பப்பை நாளுக்கு ஏறத்தாழ ஒரு விரல் இறங்குகிறதா, தீட்டின் வாடை மாறுகிறதா, காய்ச்சல் உண்டா, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்குகிறதா, பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாக இரத்த அழுத்தம் ஏறுகிறதா, மூத்திரம் இறங்கியதா என்று பச்சை உடம்புக்காரியிடம் தினமும் பார்க்கவேண்டியவை எத்தனையோ. பால் கொடுக்க உதவுவது தனிக் கலை: முலைக்காம்பு மட்டும் வாய்க்குள் போனால் புண்ணாகும், கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போகவேண்டும், கீழ்உதடு வெளியே மடிந்திருக்க முகவாய் மார்பில் பதியவேண்டும். பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ மனச்சோர்வு அளவுகோலைக் கேட்கக் கற்றுக்கொடுத்தால் போதாது, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று ஒரு தாய் பதில் சொன்னால் அடுத்து என்ன செய்வது என்பதைக் கற்பிக்கவேண்டும்.

இதற்கு நல்ல மருந்து, ஒரே பெண்ணைக் கர்ப்பகாலம் முதல் பேறுகாலத்துக்குப் பின்வரை தொடரச் செய்வது. ஆஸ்திரேலியாவில் பட்டம் பெற ஒவ்வொரு மாணவியும் இப்படிக் குறைந்தது 10 பெண்களைத் தொடரவேண்டும் என்பது விதி. நேர ஒதுக்கீடு கடினம், நள்ளிரவில் அழைப்பு வரும், மறுநாள் வகுப்பு இருக்கும். அந்த மறுநாளுக்கு விடுப்பு தருகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தராத இடத்தில் அந்த விதி காகிதத்தில் மட்டும் இருக்கும்.

மேற்பார்வையும் அனுமதியும்

ஒரு பணிநேரத்தில் ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவிகள்? ஒரு பிரசவத்துக்கு ஒருவர் என்பதைத் தாண்டினால் கற்றல் குறையும், தாய்க்குத் துன்பம் கூடும். செவிலியர் மாணவிகளும் மருத்துவ மாணவர்களும் அதே அறையில் அதே பிரசவங்களுக்குப் போட்டியிடும் இடங்களில் மிட்வைஃபரி மாணவிக்கு மிஞ்சுவது குறைவு. அந்த மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை பிரசவம், அதில் எத்தனை அறுவை, எத்தனை பேர் பயிற்சிக்கு வருகிறார்கள் என்று மூன்று எண்களை வாங்கி வகுத்துப் பாருங்கள். வகுத்த எண் பட்டத்துக்குத் தேவையானதைவிடக் குறைவாக வந்தால், மீதி எங்கிருந்து வருகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அனுமதி பற்றி எங்களுக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. வலியில் இருக்கும் பெண்ணுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை போதும். மாணவிகள் கற்பதற்காக அதை ஒருவர்பின் ஒருவராகச் செய்யவைக்கும் இடத்தில் கிருமித்தொற்று கூடுகிறது, அதைவிட, பெண்ணின் உடல் பொதுச்சொத்து என்ற எண்ணம் மாணவியின் மனதில் படிந்துவிடுகிறது. ‘நான் மாணவி, உங்களைப் பரிசோதிக்கலாமா, வேண்டாம் என்றால் எனக்கு வருத்தமில்லை’ என்று பெயர் சொல்லிக் கேட்கக் கற்பிக்கும் இடத்தில் சேருங்கள். அப்படிக் கேட்டால் பெண்கள் பெரும்பாலும் சம்மதிக்கவே செய்கிறார்கள்.

யாருக்கு எது

செவிலியர் படிப்பு முடித்துவிட்டு 18 மாதப் படிப்புக்கு வருகிறவர்களுக்கு ஊசி, மருந்து, கிருமிநீக்கம் எல்லாம் கைவந்தது. அவர்களுக்குக் கடினம், உடல்நலமுள்ள பெண்ணை நோயாளியாகப் பார்க்காமல் இருக்கப் பழகுவது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவேண்டிய நேரத்தில் ஏதாவது செய்யத் துடிப்பார்கள். நேரடியாகச் சேர்கிறவர்களுக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் நோய்கள் பற்றிய அடிப்படை மெலிந்திருக்கும், இதயநோயோ சர்க்கரைநோயோ உள்ள தாய் வந்தால் தடுமாறுவார்கள். நேரடிப் படிப்பில் பொது மருத்துவம், அறுவை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சில வாரங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி உடலுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் நன்றாக யோசித்துச் சேருங்கள். பிரசவம் நேரம் பார்ப்பதில்லை. இரவுப்பணி இல்லாமல் பட்டம் தருகிறோம் என்று சொன்னால் அது இன்னும் பெரிய எச்சரிக்கை: ஆள் குறைந்த நேரத்தில் முடிவெடுக்கக் கற்காமல் அனுப்புகிறார்கள் என்று பொருள்.

ஆய்வேட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் பொருள் கொள்ளத் தெரிந்தால் போதும், இளநிலைப் பட்டத்துக்கு அதற்குமேல் கேட்பது பிரசவ அறை நேரத்தைத் தின்னும்.

வாங்கவேண்டிய பொருட்கள் குறைவு. மரக்குழல், நீட்சியடையாத அளவுநாடா, வினாடிமுள் உள்ள கடிகாரம், வாரங்களைக் கணக்கிடும் சுழல்தட்டு. கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டாமல் சட்டையில் குத்திக்கொள்ளும் வகையாக வாங்குங்கள், முழங்கைவரை கை கழுவவேண்டும். சுழல்தட்டுகள் ஒன்றுக்கொன்று ஓரிரு நாள் வேறுபடும், அதனால் கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 280 நாள் கூட்டி ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சேர்வதற்கு முன் முடிந்தால் இறுதியாண்டு மாணவி ஒருவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் கடைசியாகப் பார்த்த பிரசவத்தில் அந்தப் பெண் எத்தனை மணிக்கு வந்தார், மறுநாள் காலையில் அவருக்குப் பால் சுரந்திருந்ததா? எத்தனை பிரசவம் பார்த்தேன் என்ற எண்ணை எல்லோரும் சொல்வார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் படித்த இடத்தில் விண்ணப்பம் போடுங்கள்.